உங்களுக்குத் தெரியுமா? மண்புழுவின் காவற்படையும் வெள்ளித் துகளும்

மதுராந்தகம் ஏரிப் பாசன வயல்களின் வரப்பிலே மண்வெட்டி புரட்டிய கட்டியில் நெளிகின்ற மண்புழுவுக்கு, நம் சரீரத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள்களை ஆக்கும் சக்தி இல்லையென்றாலும், அதன் உடற்குழித் திரவத்தில் சதா சஞ்சரிக்கும் காவற்செல்கள், உட்புகுந்த கிருமிகளை விழுங்கிச் செரித்து, விழுங்க இயலாதவற்றைச் சூழ்ந்து பழுப்பு முடிச்சுகளாக்கி வாற்பக்கம் ஒதுக்கி, அச்சிறு ஜீவனை ரக்ஷிக்கின்றன.

இக்காவற்செல்களுக்குக் கிருமிகளன்றி வேறொரு பொருளும் எதிர்ப்படலாம். நாற்றம் தங்காதிருக்கச் சிலவகை ஆடைகளில் சேர்க்கப்படும் வெள்ளித் துகள்கள், அதாவது மில்லிமீட்டரின் பதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் சிறியவை, சலவை நீரோடு சென்று, பெரும்பாலும் கந்தகத்தோடு கூடி விஷம் தணிந்து, கழிவுநீர்க் கசடில் படிகின்றன. அக்கசடு எருவாகும்போது அவை மண்ணுக்கு வந்துவிடுகின்றன.

மண்புழு உரத் தொட்டிகளில் வளர்க்கப்படும் ஐசீனியா ஃபெட்டிடா என்னும் இனத்தின் காவற்செல்களை ஆராய்ச்சிசாலையில் இத்துகள்களோடு சேர்த்து வைத்தபோது, அவை துகள்களைக் கிருமிகளைப் போலவே விழுங்கின. அதிலும் விசித்திரம், பகையைத் துளைத்துக் கொல்வதற்கென்று புழு தானே சுரக்கும் லைசெனின் என்ற புரதம் துகளின்மேல் போர்வையாகப் படிந்து, செல்கள் அதனை இன்னும் மிகுதியாக விழுங்கும்படி செய்தமையே! உட்சென்ற வெள்ளி கரைந்து அயனிகளை வெளியிட, ஆக்ஸிஜன் சார்ந்த உபத்திரவம் மிகுந்து, செல்லின் செரிமானப் பைகளது சவ்வு தளர்கிறது.

நம் நிலத்துக்குரிய லாம்பிட்டோ மொரிட்டி என்ற புழுவிடத்தும் இத்தகைய சோதனைகள் விரிவாக நடைபெற வேண்டுமென்பது எமது விருப்பம்.