கூட்டுத்தொகையை நிறுத்திய ஒற்றைக் குறி

கம்ப்யூட்டர் வழியே ஆர்டர் வாங்கும் மளிகை, மொத்தக் கடைகள் நம்மிடையே பெருகிவிட்டன. அளவைத் தட்டியதும் அடியில் கூட்டுத்தொகை மாறுகிறதே, அந்தக் கணக்கைப் போடுவது யார்?

ஜாவாஸ்கிரிப்ட் என்னும் கட்டளைத் தொகுப்புதான். அது ஓடுவது வாடிக்கையாளரின் திரையில். ஆனால் அன்றைய பருப்பு விலையும் புளி விலையும் இருப்பது நம் சர்வரில். எனவே பக்கத்தை அனுப்பும்போதே அன்றைய விலைகளைப் பொதிந்து, கட்டளையைச் சர்வரே எழுதிச் சேர்த்து அனுப்புகிறது. மைக்ரோசாப்ட் 2002-ல் வெளியிட்ட ஏ.எஸ்.பி. டாட் நெட்டில் இதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று கட்டளையைப் படிவத்தின் தொடக்கத்தில் வைக்கும்; மற்றது படிவம் முடியும் இடத்தில் வைக்கும். வந்தவுடனே விலைக் கட்டங்களைத் தொட்டு வேலை செய்யும் கட்டளை என்றால் முடிவில்தான் வரவேண்டும். சரக்கு இறங்குமுன் எடை போட முடியுமா? ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் அடையாளப் பெயரும் தரவேண்டும். அதே பெயரில் மறுபடி வந்தால் சேர்க்காது. ஒரே சிட்டையை இருமுறை பதியாத கணக்குப்பிள்ளை மாதிரி.

நம் கடையில் ஒரு நாள் காலை முழுவதும் போன். யாருக்கும் கூட்டுத்தொகை வரவில்லை. விலையில் தவறில்லை, சர்வரும் ஓடிக்கொண்டிருந்தது. முதல் நாள் இரவு கெல்லாக்'ஸ் என்று ஒரு சரக்கைப் புதிதாக ஏற்றியிருந்தோம். நம் கட்டளையில் சரக்கின் பெயர் ஒற்றைக் குறிகளுக்கு நடுவே எழுதப்பட்டிருந்தது. பெயருக்குள்ளேயே ஒரு குறி வந்ததும், பெயர் அங்கே முடிந்ததாகக் கொண்டு கட்டளை முழுவதும் நின்றுவிட்டது. அரை நாள் வியாபாரம் போயிற்று.

வியாபாரம் போனதோடு விட்டால் பரவாயில்லை. முகவரிக் கட்டத்தில் விஷமி ஒருவன் எழுதுவதும் இப்படியே பக்கத்துக்குள் போகுமானால், அவன் கட்டளை நம் பக்கத்தில் ஓடும். இக்குறிகளை ஆபத்தில்லாத வடிவில் மாற்றித் தரும் வசதி 2010-ல் வந்த நான்காம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. நமக்கு அமைத்துத் தந்தவர் அதைப் பயன்படுத்தவில்லை!

இன்னொன்று. திரையில் ஓடும் கணக்கை வாடிக்கையாளர் திருத்த முடியும். 1,200 ரூபாய் மூட்டையை 12 ரூபாயாக்கியும் அனுப்பலாம். ஆர்டர் வந்ததும் சர்வர் தன் விலைப்பட்டியலை வைத்து மறுபடி கூட்டுகிறதா என்று உங்கள் கம்ப்யூட்டர்காரரிடம் கேளுங்கள். பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள்.