மூன்று அங்குல மோட்டார் வண்டி

வெலிங்டன் தீவில் இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் வீட்டுச் சுவர்களுக்கே வியர்க்கும். கொச்சித் துறைமுகத்தை ஆழப்படுத்த வாரிய மண்ணைக் கொட்டி, பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் மேற்பார்வையில் உருவான தீவு இது; நாற்புறமும் காயல். இத்தனை ஈரத்துக்கு நடுவே பொம்மைக் கார்களுக்கு வண்ணம் பூசுவதென்று நாங்கள் முடிவெடுத்தது சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில். நாங்கள் என்பது வங்கி அதிகாரி ஒருவரும் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அவர் மகளும்.

காரணம் ஒரு தகரப் பெட்டி. ஊரில் பழைய வீட்டை ஒழித்தபோது அது எங்களிடம் வந்து சேர்ந்தது. உள்ளே ஆறு கார்கள். அவற்றுள் ஒன்று, பெரியப்பா கல்கத்தாவில் பணிபுரிந்த காலத்தில் வாங்கி வந்த ஜாகுவார். பல கைகள் மாறியதில் அதன் வண்ணம் பாதிக்குமேல் உதிர்ந்திருந்தது. அதற்குப் புதுச் சிவப்புப் பூச வேண்டும் என்பது மகளின் விருப்பம். முதலில் கடைத்தெருவில் கிடைக்கும் சிறு கார்களில் கை பழகுவோம் என்று உடன்பாடு செய்துகொண்டோம். அந்த உடன்பாடுதான் ஜாகுவாரைக் காப்பாற்றியது.

முதல் காரின் மீது சிவப்பைத் தெளித்தோம். அரைமணி நேரத்தில் அதன் மேல் பால் படர்ந்தாற்போல் வெண்மை பூத்தது. இரண்டாவதும் அப்படியே. விலை குறைந்த ஸ்பிரே டப்பாவைக் குறை கூறிக்கொண்டிருந்தோம். நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் அளிக்க வந்த ஓய்வூதியர் ஒருவர், மேசையில் பேனாக்களுக்கு அருகே கிடந்த அந்தக் காரைக் கையில் எடுத்துப் பார்த்தார். கப்பல்களுக்கு வண்ணம் பூசியே காலம் கழித்தவர். டப்பாவின் மேல் பிழையில்லை, காற்றின் மேல்தான் என்றார். காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறும் வெப்பநிலையைவிட இரும்புத் தகடு 3 டிகிரியாவது கூடுதலாக இருந்தாலொழியக் கப்பலில் தூரிகையைத் தொடமாட்டார்களாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. ஈரக்காற்று அதன்மேல் படிந்து வெளுக்கிறது. வெயில் ஏறிய பின், பதினொரு மணிக்குப் பூசுங்கள் என்று சொல்லிச் சென்றார். செலவில்லாத அறிவுரை. அதன் பிறகு வெண்மை பூக்கவில்லை.

இக்கலையில் பணத்தைவிட மிகுதியாகச் செலவாவது காத்திருப்பே. காரின் அடித்தட்டை உடலோடு இணைக்கும் இரு குமிழ்களைச் சிறு துளையிடும் கருவியால் குடைந்தால் வண்டி நான்கைந்து துண்டுகளாகப் பிரிந்துவிடும். உடல் துத்தநாகக் கலப்புலோகம். பழைய வண்ணத்தை நெயில் பாலிஷ் ரிமூவரில் உள்ள அசிட்டோனைக் கொண்டு நீக்கலாம். ஆனால் அது தீப்பற்றும் பொருள். அடுப்புக்கு அப்பால், காற்றோட்டமான இடத்தில்தான் வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கையும் அது விட்டுவைக்காது. நடைபாதையில் வாங்கிய பிளாஸ்டிக் அம்பாசிடர் ஒன்றை அவசரத்தில் அதே கிண்ணத்தில் போட்டு, கூழாக எடுத்தோம்.

பிறகு பிரைமர், அதன்மேல் வண்ணம், இறுதியில் கிளியர் கோட். ஒவ்வொன்றும் மெல்லிய பூச்சாக இருத்தல் வேண்டும். இங்கே ஓர் எளிய கணக்கு உண்டு. நாலரை மீட்டர் நீளமுள்ள கார் 64இல் ஒரு பங்காகச் சுருங்கினால் 7 சென்டிமீட்டர். அதன்மேல் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு வண்ணம் ஏறினால், உண்மைக் காரில் 6 மில்லிமீட்டருக்குமேல் சாந்து அப்பியதற்குச் சமம். கதவின் கோடே தூர்ந்துவிடும். எனவே ஒரே முறையில் மூடிவிட எண்ணாமல், தூவித் தூவி மூன்று நான்கு முறை பூசினோம். டப்பாவை முன்னதாக வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் நிறுத்தினால் துளிகள் நுண்மையாக விழும். கொதிநீரோ அடுப்போ கூடவே கூடாது. பூசியதும் காலணிப் பெட்டியால் மூடினால் தூசி அண்டாது.

பளபளப்பு பூச்சில் பாதி, தேய்ப்பில் பாதி. ஒரு வாரம் உலர்ந்த பின், 2000 எண் உப்புத்தாளை நீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் பரப்பு முதலில் மங்கும். இங்கேதான் பலர் மனம் தளர்வர். அதன்மேல் கார் பட்டறைகளில் பயன்படும் ரப்பிங் காம்பவுண்டைப் பழைய பனியன் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்த்தால் முகம் தெரியும் அளவுக்கு ஒளி எழும். விளிம்புகளில் மட்டும் அழுத்தலாகாது; அங்கே வண்ணம் மெலிந்திருக்கும். விளக்குகளுக்கும் பம்பருக்கும் வெள்ளி நிற ஜெல் பேனா போதும்.

வணிகவியல் படித்தவருக்குக் கணக்கெழுதாமல் உறக்கம் வராது. ஒரு பருவத்துக்கான டப்பாக்கள், உப்புத்தாள், காம்பவுண்டு எல்லாம் சேர்ந்து 900 ரூபாய்; முடித்த கார்கள் 12. காரொன்றுக்கு 75 ரூபாய். துளையிடும் கருவி இரவல். கூழான அம்பாசிடரை வாராக்கடனில் எழுதிவிட்டோம்.

ஜனவரியில் ஜாகுவாரின் முறை வந்தது. குடைவதற்காகத் தலைகீழாகத் திருப்பியபோதுதான் அடித்தட்டிலிருந்த பெயரைக் கூர்ந்து படித்தோம்: நிக்கி டாய்ஸ். இங்கிலாந்தின் டிங்கி டாய்ஸ் நிறுவனம் பயன்படுத்தி முடித்த அச்சுகளைக் கொண்டு, 1960களின் பிற்பகுதியில் கல்கத்தாவில் வார்க்கத் தொடங்கிய கார்களின் பெயர் அது. இந்தியக் கைகள் பூசிய அந்த முதல் வண்ணம், உதிர்ந்தபடியே இருந்தால்தான் சேகரிப்பாளர்களிடம் அதற்கு மதிப்பு. புதுச் சிவப்பு பூசினால் அழகு கூடும், விலை சரியும். விலையைச் சொன்னபோது மகள் அசையவில்லை. கதவோரத்தில் வண்ணம் தேய்ந்து உலோகம் வெளிப்பட்டிருந்த இடத்தைக் காட்டி, அப்பாவின் கட்டைவிரல் பட்ட இடமா இது என்று கேட்டாள். ஆம் என்றதும் துளையிடும் கருவியைக் கீழே வைத்துவிட்டாள்.

சோப்பு நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து, மெழுகு பாலிஷை மெல்லத் தடவியதோடு அதன் வேலை முடிந்தது. அதே அச்சில் சிவப்பில் ஒன்று வேண்டும் என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறாள். அதற்கான உண்டியலை அவளே வைத்திருக்கிறாள்.