சீப்பில் வரும் முடிக்கு மூன்று மாதக் கணக்கு

தலைக்குக் குளித்த அன்று குளியலறைத் தரையில் சுருண்டு கிடக்கும் முடியைப் பார்த்ததும், பெண்கள் முதலில் சந்தேகப்படுவது ஷாம்புவை. அடுத்தது போர்வெல் தண்ணீர். உப்புத் தண்ணீர் முடியை வறளச் செய்து நடுவில் ஒடிய வைக்கும், உண்மைதான். ஆனால் விழுந்த முடியின் நுனியைப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது ஒடிந்ததல்ல, வேரோடு உதிர்ந்தது. அதற்கான காரணத்தைப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் பின்னால் போய்த்தான் தேட வேண்டும்.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள். ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு ஆண்டு வளர்ந்து, சில வாரங்களில் அடங்கி, சுமார் மூன்று மாதம் ஓய்ந்திருந்து உதிரும். தினம் 50 முதல் 100 முடி போவது இயல்பு. கடும் காய்ச்சல், ஆபரேஷன், பட்டினி கிடந்து உடம்பைக் குறைப்பது என்று ஏதாவது ஒன்று உடம்பை உலுக்கினால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். டெங்கு வந்து தேறி, வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகு கொத்துக் கொத்தாகக் கொட்டுவது இதனால்தான்.

“குழந்தை முகம் பார்த்துச் சிரிச்சா அம்மாவுக்கு முடி கொட்டும்” என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். சிரிப்பு காரணமல்ல; காலக் கணக்கு மட்டும் அப்படியே பொருந்துகிறது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் முடியை உதிர விடாமல் நிறுத்தி வைக்கும். பிரசவத்துக்குப் பின் அது இறங்கியதும், நின்றதெல்லாம் சேர்ந்து விழும். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். இந்தச் சமயத்தில் அந்தப் பெண்ணுக்கு வேண்டியது நல்ல சாப்பாடும் தூக்கமும். “இப்படிக் கொட்டுதே” என்று தினமும் சொல்லிக் காட்டுவதை வீட்டில் இருப்பவர்கள் நிறுத்தினாலே பாதி நிம்மதி.

கொட்டத் தொடங்கி ஆறு மாதம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் ரத்தப் பரிசோதனைதான் வழி. முதலில் பார்க்க வேண்டியது இரும்புக் குறைவை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் இந்தியாவில் 57 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். அதைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். குறைவு என்றால் மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையைப் பல மாதம் விடாமல் எடுக்க வேண்டும். மாத்திரை போட்ட கையோடு டீ, காபி குடித்தால் இரும்பு சரியாக உடம்பில் சேராது.

கூடவே தைராய்டும் பார்க்க வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை: முடிக்கென்று கடையில் வாங்கி விழுங்கும் பயோட்டின் மாத்திரை, தைராய்டு முடிவையே தவறாகக் காட்டக்கூடும். ரத்தம் கொடுக்கும் முன்பு அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மாதவிடாய் தள்ளிப்போய், தாடையிலும் மேலுதட்டிலும் முடி வளர்ந்தால் நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம்; மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

முடி அதிகம் கொட்டாமலேயே நடு வகிடு வருடா வருடம் அகலமாகிறதா? அது பரம்பரை வகை. மினாக்ஸிடில் என்ற தடவும் மருந்து இதற்குப் பலன் தரும். தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடுதலாகவே கொட்டலாம். பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும், நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் இதைத் தொடக் கூடாது.

தேங்காய் எண்ணெய் முடித்தண்டைக் காக்கும், ஒடிவதைக் குறைக்கும். வேரிலிருந்து புதிதாக முளைக்க வைக்காது. ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கும் மூலிகை எண்ணெய்க்கு முன், அந்தப் பணத்தில் பரிசோதனையை முடித்துவிடலாம் என்பதே என் கருத்து.

வட்டமாகச் சொட்டை விழும் புழுவெட்டில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. உடலின் எதிர்ப்பு சக்தியே முடிவேரைத் தாக்குவது அது. பலருக்குத் திரும்ப முளைக்கும். ஆனால் தலைத்தோல் எரிந்து, அரித்து, முடி போன இடம் துவாரமே தெரியாமல் மினுமினுத்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரிடம் போங்கள். அந்த வகையில் வேர் அழிந்த இடத்தில் மறுபடி முடி முளைக்காது. பரவாமல் தடுக்க மட்டுமே மருந்து உண்டு.