ரயில் டிக்கெட்டும் சம்பளப் பிடித்தமும்



ஓவியமென்றால் அது பணக்காரன் வீட்டுச் சுவருக்கு, நமக்கென்ன என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அரசனையும் சீமாட்டியையும் வரைந்தவர்கள் உண்டுதான். ஆனால் மூட்டை முடிச்சோடு பிழைப்புத் தேடிப் போன கூலிக்காரனை வரைந்தவரும் உண்டு. அமெரிக்காவின் கறுப்பின ஓவியர் ஜேக்கப் லாரன்ஸ் அப்படிப்பட்டவர்.

1917-ல் பிறந்தவர். பெற்றோர் தெற்கு மாநிலங்களிலிருந்து வடக்கே பிழைக்க வந்தவர்கள். அப்பா பிரிந்து போய்விட்டார். அம்மா நியூயார்க்கில் வேலை தேட, பிள்ளைகள் சில வருஷம் அந்நியர் பராமரிப்பில் வளர்ந்தார்கள். 13 வயதில்தான் லாரன்ஸ் ஹார்லெம் வட்டாரத்தில் அம்மாவிடம் வந்து சேர்ந்தார். பையன் தெருவில் சுற்றக் கூடாதென்று, அந்தத் தாய் அவரை ஓர் ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டார். 16 வயதில் படிப்பு நின்றது. சலவை நிலையத்திலும் அச்சகத்திலும் வேலை பார்த்தார். தூரிகையை மட்டும் விடவில்லை.

அவர் வரைந்தது எந்தக் கதை? தெற்கே பருத்திக் காட்டில் குத்தகைக்குப் பாடுபட்ட கறுப்பின மக்களை நிலக்காரன் கணக்கில் ஏய்த்தான். பருத்தியை வண்டு தின்றது. வெள்ளைக் கும்பல்கள் விசாரணையில்லாமல் ஆட்களைத் தூக்கிலிட்டன. அந்த நேரத்தில் முதல் உலகப் போர் வந்து, வடக்கே ஆலைகளுக்கு ஆள் பஞ்சம். ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகள் தெற்கே இறங்கினார்கள். ரயில் செலவை ஆலை முதலாளி கொடுப்பான். பிறகு சம்பளத்தில் பிடித்துக்கொள்வான். கங்காணியின் முன்பணத்தில் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? 1916 தொடங்கி 1970 வரை ஏறத்தாழ 60 லட்சம் பேர் இப்படித் தெற்கை விட்டுப் போனார்கள்.

1940-ல் லாரன்ஸுக்கு 23 வயது. தெற்கை அவர் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பெரியவர்கள் பேசியதைக் கேட்டிருந்தார். அது போதாதென்று மாதக் கணக்கில் நூலகத்தில் உட்கார்ந்து படித்தார். பிறகு 12-க்கு 18 அங்குலத்தில் 60 பலகைகள். பின்னாளில் மனைவியான ஓவியர் குவெண்டலின் நைட் பலகைகளுக்குப் பூச்சுப் பூச உதவினார். எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பி, ஒரு நிறத்தை எடுத்தால் 60 பலகையிலும் அது வேண்டிய இடமெல்லாம் பூசி முடித்துத்தான் அடுத்த நிறத்தைத் தொட்டார். அதனால்தான் 60-ம் ஒரே கதையாக நிற்கின்றன.

அதில் ஸ்டேஷனில் நெருக்கும் கூட்டம் உண்டு. கோலால் துணியைக் கிளறும் சலவைக்காரப் பெண் உண்டு. கரும்பலகையில் எண் எழுதும் மூன்று சிறுமிகள் உண்டு. வடக்கே போனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் பொய் சொல்லவில்லை. ஒரு படத்தில் வடக்கத்திச் சாப்பாட்டுக் கூடம். வெள்ளையருக்கு ஒரு பக்கம், கறுப்பருக்கு ஒரு பக்கம், நடுவே மஞ்சள் கயிறு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே யாருக்கும் புரியும்படி ஓரிரு வரி எழுதி வைத்தார்.

1942-ல் இரண்டு பெரிய கலைக்கூடங்கள் அவற்றை வாங்கின. இரட்டை எண்கள் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில், ஒற்றை எண்கள் வாஷிங்டன் பிலிப்ஸ் கலைக்கூடத்தில் இன்றும் உள்ளன. லாரன்ஸ் 2000-ல் காலமானார்.

தோழர்களே, ஆலைக்காரனின் கணக்குப் புத்தகத்தில் அந்த மக்கள் வெறும் பிடித்தத் தொகை. லாரன்ஸ் பலகையில் அவர்கள் மனிதர்கள். கேட்கக் காது இருந்ததால் வந்த வித்தியாசம் இது. நம்ம லயத்துக் கதையும் செக்ரோல் புத்தகத்தோடு முடிந்துவிடக் கூடாது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சனங்கள் சிதறினார்கள். கதை தெரிந்த கிழவன் கிழவிகளோ ஒவ்வொருவராய்ப் போகிறார்கள். எந்தக் கப்பல், எந்தக் கங்காணி, முதல் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தான் என்று பிள்ளைகள் கேட்கட்டும். நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். வரையத் தெரிந்த பிள்ளை இருந்தால் கையில் வர்ணம் வாங்கிக் கொடுங்கள். அந்த ஹார்லெம் தாயும் அதைத்தான் செய்தாள்.