பட்டைத் தொப்பியும் இருவகை நூலும்

லாபிஸ் வெயிலுக்குக் கம்பளித் தொப்பி எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். கைக்குழந்தையுடன் கேமரன் மலைக்குப் போய் வந்தவர்களைக் கேளுங்கள். 1,400 மீட்டருக்கு மேல் இரவுக் குளிர் பொல்லாதது.

மீந்த நூல்களைப் பட்டை பட்டையாகப் பின்னினால் செலவு மிச்சம். ஆனால் கம்பளியோடு அக்ரிலிக் நூலைச் சேர்க்கும்போது கவனம் தேவை. கம்பளி இழையின்மேல் மீன் செதிலைப் போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரில் சோப்புப் போட்டுக் கசக்கினால் அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். அந்தப் பட்டை சுருங்கிவிடும். அக்ரிலிக் பட்டை அவ்வாறு சுருங்காது. தொப்பி கோணிப்போகும், பிறகு இழுத்துப் பார்த்துப் பயனில்லை.

ஆகவே, ஒரே பருமனுள்ள நூல்களை எடுத்து, முதலில் உள்ளங்கை அகலத்திற்கு ஒரு துண்டு பின்னுங்கள். அளந்து, துவைத்து, காய்ந்தபின் மறுபடியும் அளந்து பாருங்கள். தொப்பியைக் குளிர்ந்த நீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல், துண்டின்மேல் பரப்பி உலர்த்துங்கள்.