வீடு நெருங்கும்போது மழை வந்தால்

பல மாதம் கடலில் கழித்து ஊர் திரும்பும் பாய்க்கப்பலுக்கு எந்த நாள் மிக ஆபத்தானது? நடுக்கடலில் புயலடிக்கும் நாள் என்பீர்கள். கரை நெருங்கும் மழைநாளுக்கே மாலுமிகள் அதிகம் அஞ்சினார்கள். நடுக்கடலில் மோதுவதற்குப் பாறை ஏது?

மழை பிடித்தால் கப்பலில் ஓய்வில்லை. மேல்தளப் பலகை இடுக்குகளில் நீர் கசியும். தொங்குபடுக்கையும் நனையும், மாற்றுத்துணியும் நனையும். கயிறுகளோ இறுகும். நார் நீரை உறிஞ்சினால் பருக்கும். நீளம் அதிகம் மாறாது. முறுக்கிய கயிற்றில் ஒவ்வொரு புரியும் இப்போது பருத்த உடலைச் சுற்றிவர வேண்டியிருப்பதால், கயிறு குட்டையாகிறது. கொல்லையில் கட்டிய பருத்திக் கொடிக்கயிறு மழையில் விறைப்பதை நீங்களே பார்க்கலாம். ஆகவே கயிறுகளை மழையில் தளர்த்துவதும் காய்ந்தபின் இறுக்குவதும் மாலுமிகளின் ஓயாத வேலை.

கப்பலின் வேகத்தை அளந்ததும் கயிறுதான். ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிக் கடலில் எறிவார்கள். கட்டை நீரில் நிற்கும். கப்பல் விலகிச் செல்லச் செல்லக் கயிறு ஓடும். 28 விநாடி மணற்கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சுகள் ஓடின என்று எண்ணுவார்கள். முடிச்சுகளுக்கிடையே சுமார் 14.4 மீட்டர் இருந்தால், முடிச்சுகளின் எண்ணிக்கையே மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற வேகம். 'நாட்' என்ற அலகு இப்படி வந்ததே. ('மணிக்கு 5 நாட்' என்று எழுதாதீர்கள், நாட் என்றாலே வேகம்தான்.) இக்கயிறு நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கினால், நாளொன்றுக்கு 120 மைல் செல்லும் கப்பலின் கணக்கில் ஆறு மைல் பிழை சேரும்.

அதைவிடப் பெரிய பிழை ஒன்றுண்டு. நீரோட்டம் கப்பலைத் தள்ளும்போது கட்டையையும் சேர்த்தே தள்ளுகிறது. எனவே அந்த நகர்வு கயிற்றில் தெரியவே தெரியாது! சூரியனையோ விண்மீனையோ பார்த்தால்தான் கணக்கைத் திருத்த முடியும். மேகம் மூடினால்?

1707 இல் ஜிப்ரால்டரிலிருந்து இங்கிலாந்து திரும்பிய போர்க்கப்பல் அணிக்கு இதுதான் நேர்ந்தது. தளபதி கிளவுட்ஸ்லி ஷவல். வழியெல்லாம் மோசமான வானிலை. ஆங்கிலக் கால்வாயின் வாயை அடைந்துவிட்டோம் என்று நம்பி, அக்டோபர் 22 இரவு (அன்றைய ஆங்கிலக் காலண்டர்படி) சில்லித் தீவுப் பாறைகளில் மோதினார்கள். நான்கு கப்பல்கள் மூழ்கின. 1,400 பேருக்கு மேல் இறந்தனர், ஷவலும் அவர்களுள் ஒருவர். தீர்க்கரேகை தெரியாததே காரணம் என்பார்கள். ஆனால் எஞ்சிய கப்பல்களின் நாட்குறிப்புகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, அட்சரேகையிலும் பெரும் பிழைகள் இருந்தது தெரிந்தது.

1714 இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தீர்க்கரேகை காண 20,000 பவுன் பரிசு அறிவித்தது. ஜான் ஹாரிசன் செய்த கடிகாரம் 1761-62 பயணத்தில் 81 நாளில் ஐந்து விநாடி மட்டுமே பிந்தியது. ஆயினும் கடிகாரம் சொல்வது புறப்பட்ட ஊரின் நேரம். கப்பல் இருக்கும் இடத்தின் நேரத்தைச் சூரியன்தான் சொல்ல வேண்டும். வானம் மூடியிருந்தால் பழையபடி ஈயக்குண்டுதான். அதன் அடிக்குழியில் கொழுப்பைத் தடவிக் கடலில் இறக்குவார்கள். ஆழத்தோடு, கொழுப்பில் ஒட்டிவந்த மணலையும் சிப்பித் தூளையும் வரைபடக் குறிப்புடன் ஒப்பிட்டு, ஈரச் சட்டையோடு நிற்கும் மீகாமன் கப்பலைத் திருப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்.