ஒற்றர் தலைவருக்கு என்ன மரியாதை?

(நமது நிருபர்)

இராமநாதபுரத்தில் பஸ் ஏறிக் கீழக்கரையைத் தாண்டிப் போனால் ஏர்வாடி. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே சாம்பிராணிப் புகையும் கடற்காற்றும் கலந்து முகத்தில் மோதுகின்றன. தர்கா வாசலில் எந்நேரமும் கூட்டம். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தமிழ்நாட்டின் நாலா மூலைகளிலிருந்தும், கேரளத்திலிருந்தும் வருகிறார்கள்.

அங்கே அடங்கியிருப்பவர் சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீத் பாதுஷா. 12-ஆம் நூற்றாண்டில் மதீனாவிலிருந்து படையோடு வந்து, பாண்டிய நாட்டில் போர் செய்து, இந்த மண்ணிலேயே உயிர் நீத்தவர் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஞானி மட்டுமல்ல, அவர் ஒரு படைத் தலைவர். மற்ற தளபதிகளுக்குச் சிலை வைக்கிறோம், தெருவுக்குப் பெயர் சூட்டுகிறோம், தபால் தலை வெளியிடுகிறோம். ஏர்வாடியில் அப்படியில்லை. இத்தனை நூற்றாண்டு கழித்தும் அவரிடம் போய் யோசனை கேட்கிறார்கள்! கனவில் வந்து உத்தரவு கொடுப்பார் என்று நாள் கணக்கில் காத்திருக்கிறார்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறோம் என்றால், மேல்நாட்டில் இப்போது கிளம்பியிருக்கும் ஒரு புது யோசனை நமக்கு ஏர்வாடியைத்தான் நினைவூட்டிற்று. கம்ப்யூட்டர் வழியே நடக்கும் இணையப் போரையும் உளவு வேலையையும் நடத்திய ராணுவத் தலைவர் ஒருவரைக் கௌரவிக்க வேண்டும். எப்படி? கல்லில் சிலை வேண்டாம். அவர் பெயரில் செயற்கை அறிவு கொண்ட ஆலோசகர் ஒன்றைச் செய்து வைப்போம். இளம் அதிகாரிகள் அதனிடம் போய்ச் சந்தேகம் கேட்கட்டும். ‘ஐயா இருந்திருந்தால் என்ன சொல்வார்?’ என்ற கேள்விக்கு ஐயாவின் பாணியிலேயே பதில் வரும்!

யோசனை கவர்ச்சியாகத்தான் இருக்கிறது.

குரல் திரும்பி வந்த கதை

தமிழர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. 2018-இல் காலமான கலைஞர் கருணாநிதி, 2024 ஜனவரியில் டி. ஆர். பாலுவின் புத்தக வெளியீட்டு விழாவில் திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார். கறுப்புக் கண்ணாடி, தோளில் துண்டு, அதே கரகரத்த குரல். எல்லாம் யந்திரத்தின் கைவண்ணம். அதே ஆண்டு வெளியான ‘லால் சலாம்’ படத்தில், மறைந்துபோன பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரையும் ஏ. ஆர். ரகுமான் மறுபடி பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, உரிய சன்மானமும் அனுப்பிவிட்டுத்தான் செய்தோம் என்று அவர் தெரிவித்தார். அந்த மட்டில் நியாயமான காரியம்.

ஆனால் கலைஞர் எழுபது வருஷத்துக்கு மேல் எழுதியவர், பேசியவர். கடிதம், நாடகம், சினிமா வசனம், சட்டசபைப் பேச்சு என்று யந்திரத்துக்குத் தீனி மலைபோல் கிடக்கிறது. ஒற்றர் தலைவருக்கு என்ன கிடக்கிறது?

இந்த யந்திரம் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் சொன்னால்தான் விஷயம் விளங்கும். அதற்கு ஞாபகம் என்று நாம் நினைப்பது கிடையாது. கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வருவது வழக்கம் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஒருவருடைய எழுத்துக்களையும் கூட வைத்துவிட்டால், அவற்றைப் பார்த்துப் பார்த்து அவர் தோரணையில் பதில் கோக்கிறது. விஷயம் இருந்தால் விஷயத்தோடு கோக்கும். இல்லாவிட்டாலும் கோக்கும்! இரண்டு சமயத்திலும் குரலில் தடுமாற்றமே இராது.

பேசாமலே போனவர்

இந்தியாவின் வெளிநாட்டு உளவு ஸ்தாபனமான ‘ரா’வை 1968 செப்டம்பரில் தொடங்கி நடத்தியவர் ராமேஸ்வர் நாத் காவ். (காசியில் பிறந்த காஷ்மீரப் பண்டிதருக்கு நம் ராமேசுவரத்து ஈசன் பெயர்!) ராணுவத்தாரல்லர்; போலீஸ் உத்தியோகத்திலிருந்து வந்தவர். 1971-இல் வங்கதேசம் பிறந்தபோது திரைமறைவில் நடந்த வேலைகளில் பெரும் பங்கு அவருடையது. 1977-இல் பதவியை விட்டு இறங்கினார். அதன் பிறகு 25 வருஷம் உயிரோடு இருந்தார். பேட்டி கொடுக்கவில்லை. மேடை ஏறவில்லை. போட்டோவில் அகப்படுவதுகூட அபூர்வம். கடைசிக் காலத்தில் தம் நினைவுகளை ஒலிநாடாவில் சொல்லிப் பதிவு செய்து, குறிப்பிட்ட காலம் வரை திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு டில்லி நேரு நினைவு நூலகத்தில் ஒப்படைத்தார். 2002 ஜனவரியில் காலமானார்.

இவர் பெயரில் ஓர் ஆலோசகரைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். யந்திரத்துக்கு என்னத்தை ஊட்டுவது? அவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைத்தான் ஊட்ட வேண்டும். அவரை அவராக்கிய சமாசாரமெல்லாம் பூட்டிய பீரோக்களில் இருக்கிறது. எந்தத் திறமைக்காகக் கௌரவிக்கிறோமோ, அந்தத் திறமையின் சுவடே யந்திரத்தில் இராது!

நம் தமிழர் ஒருவரையும் சொல்லலாம். இலங்கை சென்ற இந்திய அமைதிப் படையின் ராணுவ உளவுப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் கர்னல் ஆர். ஹரிஹரன். ஓய்வு பெற்ற பின் பத்திரிகைகளில் நிறையவே எழுதியிருக்கிறார். காவ் போல வாயைக் கட்டிக்கொண்டவரல்லர். இப்படிப்பட்டவரின் எழுத்துக்களை வைத்துச் செய்யும் ஆலோசகர் மாணவர்களுக்கு நிச்சயம் பயன்படும். என்றாலும் கட்டுரை என்பது நடந்து முடிந்த பிறகு எழுதுவது. இரவு இரண்டு மணிக்கு, அரைகுறைத் தகவலோடு, ஒரு முடிவுக்கு வரும் மனம் கட்டுரையில் எப்படி வரும்?

வள்ளுவர் போட்ட தடை

திருக்குறளில் 59-ஆம் அதிகாரம் ஒற்றாடல். அரசனுக்கு ஒற்றன் எப்படி இருக்க வேண்டும் என்று பத்துப் பாட்டில் பாடம் நடத்துகிறார் வள்ளுவர். அந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. ஒற்றனுக்குப் பலரும் அறிய மரியாதை செய்யாதே. செய்தால் உன் ரகசியத்தை நீயே வெளியிட்டவன் ஆவாய் என்பது அதன் கருத்து. ஒற்றர் தலைவருக்கு விழா எடுக்க நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாட்டு இது. ஒரு தலைவரின் சிந்தனைப் போக்கை அப்படியே யந்திரத்தில் வடித்துவிட்டால், அதைத் திருடிப் படிக்க எதிரிக்கும் ஆசை வராதா?

அதற்கு முந்திய இரண்டு குறள்கள் இன்னும் சுவையானவை. ஒரு ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னொரு ஒற்றனை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒருவனை ஒருவன் அறியாதபடி மூவரை அனுப்பி, மூவர் சொல்லும் ஒத்துவந்தால் மட்டும் நம்ப வேண்டும். அப்படியானால் இந்த யந்திரத்திடம் ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் ஒரே பதில் வந்தால் நம்பலாமா? கூடாது. அது மூன்று சட்டை மாற்றிப் போட்ட ஒரே ஒற்றன். வேறு வேறு கம்பெனிகளின் மூன்று யந்திரங்களைக் கேட்டாலும் பெரிதாக லாபமில்லை. அவையும் ஏறக்குறைய அதே பக்கங்களைப் படித்து வளர்ந்தவை. ஒற்றர்கள் ஒருவரை ஒருவர் அறிந்துவிட்டார்கள்!

நாமே ஒரு சோதனை செய்து பார்த்தோம். கையிலிருந்த டெலிபோனில் ஒரு யந்திரத்தைத் திறந்து, பெரிய உளவுத் தலைவர் ஒருவரின் பெயரைச் சொல்லி, ‘நீ இனி அவர்தான், 1987-இல் யாழ்ப்பாணத்தில் என்ன தவறு நடந்தது?’ என்று கேட்டோம். மிகவும் கம்பீரமாக ஆரம்பித்தது. பிரதம மந்திரியிடம் தான் நேரில் எச்சரித்ததாகவும், அவர் கேட்கவில்லை என்றும், அன்றிரவு தனக்குத் தூக்கம் வரவில்லை என்றும் சொல்லிற்று. கண்ணில் நீர் வராத குறைதான். அந்தத் தலைவரோ அந்த வருஷத்தில் பதவியிலேயே இல்லை.

சங்கேதம் கேள்!

தர்கா தெருவில் டீக்கடை பெஞ்சில் இந்தச் சோதனையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். ராணுவத்தில் சிக்னல் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். 1988-இல் யாழ்ப்பாணத்தில் வயர்லெஸ் பெட்டியோடு இருந்தவராம்.

“எங்களுக்கு முதல் பாடமே அதுதான் தம்பி” என்றார். “வயர்லெஸ்ல வர்ற குரலை நம்பக் கூடாது. சொந்த மேஜர் குரலா இருந்தாலும் சங்கேதம் கேட்கணும். சரியான பதில் வரலைன்னா குரல் தெரிஞ்ச குரலா இருந்து என்ன பிரயோஜனம்?”

அவர் யாழ்ப்பாணத்தைச் சொன்னதும் நமக்கு 1987 அக்டோபர் 11-ஆம் தேதி இரவு ஞாபகம் வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கி, புலிகளின் தலைவர்களைப் பிடிப்பது திட்டம். வயர்லெஸ் பேச்சைப் புலிகள் ஒட்டுக் கேட்டுவிட்டார்கள், தயாராகக் காத்திருந்தார்கள். 13-ஆவது சீக்கிய இலகு காலாட்படையைச் சேர்ந்த சுமார் 30 பேர் அங்கே இறங்கினார்கள். உயிரோடு மிஞ்சியவர் ஒரே ஒருவர், அவரும் கைதியாக. சீக்கிரம் முடிந்துவிடும் என்று டில்லி நினைத்த சண்டை 1990 மார்ச்சு வரை இழுத்தது. சுமார் 1,200 இந்திய வீரர்கள் திரும்பவில்லை. ஈழத் தமிழ் ஜனங்கள் பட்ட பாடு அதற்கும் மேலே. தப்பிப் படகேறியவர்கள் வந்து சேர்ந்ததும் இந்த ஜில்லாக் கரையில்தான். மண்டபம் முகாம் இன்னும் அதற்குச் சாட்சி.

உளவில் ஒரு பிசகு என்றால் என்ன என்பதை இந்தக் கரைக்காரர்களுக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கும் விஷயம் ஆறிப்போகவில்லை. உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் 2009-இல் ‘பருந்து’ என்ற பெயரோடு ஏற்பட்டது. 2012-இல் ஆளில்லா விமானப் பிரிவு ஒன்றும் அங்கே வந்தது. மேலேயிருந்து பார்க்கும் கண்ணுக்குக் கீழே தெரிவதெல்லாம் புள்ளிகள். மீன்பிடி படகு எது, கடத்தல் படகு எது? இப்போதைக்கு முடிவு சொல்கிறவர் மனிதர்; தவறினால் ‘ஏன் அப்படிச் சொன்னாய்?’ என்று அவரை நிறுத்திக் கேட்கலாம். புகழ் பெற்ற ஒரு தலைவரின் பெயரைத் தாங்கிய யந்திரம் ‘அது சந்தேகப் படகு’ என்று சொன்னால், 25 வயது லெப்டினெண்டு எதிர்த்துப் பேசுவாரா? நிஜத் தலைவர் உயிரோடு இருந்தால் அவர் முகத்தைப் பார்த்து, ‘சார், எனக்கு அப்படித் தோன்றவில்லை’ என்று ஒருவேளை சொல்லியிருப்பார். படத்துக்கு மாலை போட்ட பிறகு யார் சொல்வார்கள்?

டீக்கடைப் பெரியவரிடம் இதைச் சொன்னோம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அந்த மிஷின் ‘எனக்குத் தெரியாது’ன்னு எப்பவாவது சொல்லுமா?” என்று கேட்டார்.

சொல்ல வைக்கலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள். கொடுத்த காகிதத்தில் இல்லாததைப் பேசாதே என்று கட்டுப்படுத்தலாம். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாய் என்று காட்டச் செய்யலாம். கட்டுப்பாடு எப்போதும் பலிப்பதில்லை, ஆனாலும் பிசகு குறைகிறது. நம் அபிப்பிராயத்தில், ஒற்றர் தலைவருக்கு யந்திரம் செய்துதான் தீர வேண்டுமென்றால், அவர் குரலையும் முகத்தையும் விட்டுவிடலாம். அவர் கீழதிகாரிகளைக் குடைந்து கேட்ட கேள்விகளை எடுத்துக்கொள்ளலாம். ‘இதை யார் சொன்னது? அவன் கண்ணால் பார்த்தானா? வேறு யார் சொன்னார்கள்?’ இப்படிக் கேட்டுத் துளைக்கும் யந்திரம் ஒன்று இருந்தால், அதற்கு யார் பெயரை வைத்தாலும் அந்தப் பெயருக்குக் குறைவில்லை.

ஓலைக் கொட்டகை

ஏர்வாடியை விட்டுப் புறப்படும் முன் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. தர்காவைச் சுற்றி ஒரு காலத்தில் மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் தனியார் விடுதிகள் பல இருந்தன. கனவில் பாதுஷாவின் உத்தரவு வந்தால்தான் விடுதலை என்பது நம்பிக்கை. உத்தரவு வரும் வரை ஓடிவிடாமல் இருக்கக் காலில் சங்கிலி. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியற்காலையில் அப்படிப்பட்ட ஒரு விடுதியின் ஓலைக் கொட்டகையில் தீப்பிடித்தது. ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. விடுதிகள் மூடப்பட்டன.

மகானின் பேரில் இதில் ஒரு குற்றமும் இல்லை. அவர் யாரையும் சங்கிலியில் கட்டச் சொல்லவில்லை. அவர் உத்தரவுக்காகக் காத்திருக்கிறோம் என்று சொல்லிக் கட்டியவர்கள் மனிதர்கள்.

பிற்பாடு பிரார்த்தனையோடு மருந்தும் என்ற திட்டம் ஏர்வாடிக்கு வந்தது. நேர்ச்சைக்கு வருகிறவர்களை மனநல மருத்துவரும் பார்க்கிறார். ஓதி முடித்துத் தாயத்துக் கட்டிக்கொண்டு, மாத்திரையும் வாங்கிப் போகலாம். கனவு வந்ததாகச் சொன்னால் டாக்டர் அதை மறுத்துப் பேச வேண்டியதில்லை. இராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினாய், சாப்பாடு இறங்குகிறதா, முன்பு கொடுத்த மாத்திரையைப் போட்டாயா என்று அவர் கேட்டால் போதும்.